கெட்ட தண்ணீர் வேண்டும்

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளிடம் ‘சஸ்டெய்னபிள்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் மரியாதையாகத் தலையை ஆட்டுகிறார். நான் தி.நகரில் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூறுகளில் அந்த வசதி கிடையாது. மிச்சத் துணியிலும் பழத்தோலிலும் ஏதாவது செய்து பார்க்கிறேன் என்று சொன்னால், “வீட்ல ஏதாவது கஷ்டமாம்மா?” என்று கேட்பார்கள். ஒரு பத்திரிகைக்காக என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படியும், இளைஞர்களுக்கு அது ஊக்கமாக இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து யோசித்தால் எனக்கு எரிச்சல்தான் நினைவுக்கு வருகிறது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

1. இஸ்திரி வண்டி

என் முதலாளியின் பெயர் கவுஸ் பாய். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் மேட்சிங் சென்டர் வைத்திருந்தார். பெண்கள் கையில் புடவையோடு வருவார்கள். அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணியை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் வைத்துப் பார்ப்பார்கள். முகத்தைச் சுளிப்பார்கள். “இதுல ஒரு பொட்டு மஞ்சள் கம்மியா இல்லை?” என்பார்கள். பச்சை நிறத்துக்கு மட்டும் ஒரு சுவர் முழுக்கத் தட்டுகள் இருந்த கடை அது.

அதற்கு முன்பு நான் அம்பத்தூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். படித்தது டிசைன், பார்த்தது பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. மாதச் சம்பளம் ஒழுங்காக வந்த அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் கவுஸ் பாயிடம் வந்தேன். அப்பா ரொம்ப நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சல்வார் கமீஸ் எல்லா வீட்டிலும் நுழைந்துகொண்டிருந்த நேரம் என்பதால், கடைக்கென்று தனியாக டிசைன் செய்ய ஒரு ஆள் இருக்கட்டும் என்று பாய்க்குத் தோன்றியிருந்தது. மேல்மாடியில் ஓர் அறை, ஒரு வெட்டு மேஜை, அதற்கு அப்பால் மொட்டை மாடி. அந்த அறை எனக்குக் கிடைத்த அன்று நான் தரையில் கால் படாமல் நடந்தேன்.

அறையின் மறுபாதியில் தனபால் மாஸ்டர் இருந்தார். ரவிக்கை வெட்டுவதில் பழுத்த ஆள். நல்ல மனுஷன். அவருடைய நல்ல மனத்தால் எனக்கு வந்த தொல்லைகளை எழுத இந்தப் பக்கங்கள் போதாது.

ரவிக்கைத் துணியின் ஒவ்வொரு சுருளிலும் கடைசியில் கால் மீட்டர், அரை மீட்டர் மிஞ்சும். அதை மூட்டையாகக் கட்டி, மெஷின் துடைக்க வாங்கிப் போகிறவர்களிடம் போடுவார்கள். எத்தனை நிறங்கள். எனக்கு வயிறு எரிந்தது. அந்தத் துண்டுகளைச் சேர்த்து இணைத்துத் துப்பட்டா தைத்தேன். பிறகு ஈரத்தோடு கயிறுபோல முறுக்கி, நூலால் இறுகக் கட்டி, வெயிலில் காயப் போட்டேன். அவிழ்த்தால் துணி முழுக்கச் சன்னச் சன்னமாகச் சுருக்கம் விழுந்திருக்கும். தோளில் போட்டால் தண்ணீர் ஓடுவதுபோல இருக்கும். இதைச் சரியாகக் கொண்டுவர நான் பல வாரம் கை தேயத் தேய முறுக்கினேன்.

ஒருநாள் நூல் வாங்க சௌகார்பேட்டை போய்விட்டுத் திரும்பினால், என் துப்பட்டாக்கள் எல்லாம் மேஜைமேல் சதுரமாக மடித்து அடுக்கியிருந்தன. ஒரு சுருக்கம் இல்லை. காகிதம் மாதிரி மொடமொடவென்று இருந்தன.

“நான்தாம்மா இஸ்திரி வண்டிக்கு அனுப்சேன்,” என்றார் மாஸ்டர். “அத்தினியும் கசங்கிப் போய்க் கெடந்துச்சி. பாவம், பொண்ணு அலைஞ்சிகினு கீது, இதுக்கெல்லாம் எங்க நேரம்னு நெனச்சேன். நல்லா கஞ்சி போட்டே தேய்க்கச் சொன்னேன்.”

கோபப்படக்கூட முடியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறவர்களை என்ன செய்வது? இது நம் ஊரில் ஊறிப்போன விஷயம். சென்னையில் சாப்பாடு இல்லாமல் இருப்பார்கள், இஸ்திரி இல்லாமல் வெளியே வர மாட்டார்கள். மறுபடி முறுக்கி, மறுபடி கட்டி, கடையில் தொங்கவிட்டேன். வந்த பெண்கள் தொட்டுப் பார்த்து, “நல்லா இருக்கு, ஆனா கசங்கியிருக்கே, தேய்ச்சுக் குடுங்க,” என்றார்கள். அது டிசைன் என்று சொன்னேன். “சரி, அந்த டிசைனைத் தேய்ச்சுக் குடுங்க,” என்றார் ஓர் அம்மா.

கவுஸ் பாய் எல்லாவற்றையும் கல்லாவில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். “கசங்கின துணி விக்கிறதுக்கு டிசைனர் எதுக்கும்மா?” என்று மட்டும் கேட்டார்.

2. மாதுளைத் தோல்

கடையின் பின்னறையில் வெள்ளை மல் புடவைகள் ஒரு பெரிய கட்டு கிடந்தது. ஒரு மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறி, புடவைகளில் பழுப்புப் பழுப்பாகப் புள்ளி விழுந்துவிட்டது. யாரும் கட்டாத புதுப் புடவைகள். ஆனால் விற்க முடியாது. அதைப் பாய் என் மேஜையில் கொண்டுவந்து போட வைத்தார்.

“நீ வேஸ்ட்ல பண்றேன் வேஸ்ட்ல பண்றேன்ற. இது நம்ம கடையோட பெரிய வேஸ்ட். நவராத்திரிக்குள்ள இதை வித்துக் காட்டு. இல்லேன்னா இந்த ரூமை ஃபால்ஸ் தைக்கிறவங்களுக்கு விட்டுடுறேன். நீ கீழ கவுண்டருக்கு வந்துடு. சம்பளம் அதேதான், தப்பா நெனச்சிக்காத.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் கவுண்டரில் நின்று பச்சைக்குப் பச்சை பொருத்துவதற்கா நான் அப்பாவை எதிர்த்துக்கொண்டு வந்தேன்? எனக்கு அந்த அறை வேண்டும்.

புள்ளியை மறைக்க வேண்டுமானால் சாயம் போட வேண்டும். ரசாயனச் சாயம் தொட மாட்டேன் என்பது அப்போதைய என் வீம்பு. கடுக்காய் நீரில் ஊறவைத்து, படிகாரம் கொடுத்து, மாதுளைத் தோலில் கொதிக்கவைத்தால் அருமையான மஞ்சள் வரும் என்று படித்திருந்தேன். நவராத்திரிக்கு மஞ்சள் புடவை ஓடாமல் போகுமா? மாதுளைத் தோலுக்கு எங்கே போவது என்ற கேள்வியும் இல்லை. பனகல் பார்க் பக்கம் ஜூஸ் கடையில் அது குப்பையாகக் குவிந்து கிடந்தது.

ஜூஸ் கடைக்காரர் முதல் நாள் கேள்வி கேட்காமல் கொடுத்தார். இரண்டாம் நாள், “வயித்தால போவுதாம்மா?” என்று கேட்டார். மாதுளைத் தோலை மோரில் அரைத்துக் குடிப்பது நம்மூர் வைத்தியம் அல்லவா. இல்லை, துணிக்கு என்றேன். அவர் நம்பவில்லை. தினமும் நான் பையோடு போய் நிற்க, தினமும் வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும்படி, “இன்னும் நிக்கலையாம்மா? டாக்டராண்ட காட்டு,” என்று அக்கறையோடு சொல்வார்.

கீழே குடிக்க வைத்திருந்த லாரித் தண்ணீரில் சாம்பிள் போட்டேன். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். பாய் வெயிலில் வைத்துப் பார்த்தார். “இது ஓடும்மா,” என்றார். அவர் என் வேலையைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. உடனே மொட்டை மாடியில் அண்டாக்களை வைத்து, குழாயைத் திறந்து, முழுக் கட்டையும் இறக்கினேன்.

மொட்டை மாடிக் குழாயில் வந்தது போர் தண்ணீர்.

3. கறுப்பு

தி.நகரில் அந்தக் காலத்து போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அங்கே குடியிருந்தவர்களைக் கேளுங்கள். பக்கெட்டில் பிடித்து வைத்தால் மேலே எண்ணெய்போல ஒரு படலம் மிதக்கும். வெள்ளை வேட்டி மாசத்தில் காவி வேட்டி ஆகும். அத்தனையும் இரும்பு. கடுக்காயும் மாதுளைத் தோலும் இரும்பைப் பார்த்தால் கறுத்துப்போகும். இது சாயக்காரர்களுக்கு அரிச்சுவடி. நானும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருந்தேன். ஆனால் அந்த இரும்பு குழாயிலேயே வரும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

முதலில் பச்சை கலந்த சாம்பல் நிறம் வந்தது. பதறிப்போய், மறுபடி முக்கினால் மஞ்சள் ஏறும் என்று மறுபடி முக்கினேன். இன்னும் கறுத்தது. அலசினால் போகும் என்று அதே குழாயில் அலசினேன். அதற்கும் கறுத்தது. சாயங்காலம் கொடி முழுக்க மழைமேகம்போலக் கறுப்புப் புடவைகள் தொங்கின. ஒன்றைச் சொல்ல வேண்டும், பழுப்புப் புள்ளி ஒன்றுகூடத் தெரியவில்லை.

மாஸ்டர் மாடிக்கு வந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். “மலைக்குப் போற சாமிங்களுக்கு வேட்டியாம்மா? கார்த்திகைக்கு இன்னும் நாள் கீதே,” என்றார். கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நவராத்திரிக்குக் கறுப்புப் புடவை. பாய் கடையின் கடைசி மூலையில், ஃபேன்கூட எட்டாத இடத்தில், அவற்றைத் தொங்கவிடச் சொன்னார். ஃபால்ஸ் தைக்கிற பெண்கள் வந்து என் அறையை அளவெடுத்துப் போனார்கள். மெஷினை எந்த ஜன்னல் பக்கம் போடலாம் என்று என்னிடமே யோசனை கேட்டார்கள்.

ராஜம் மாமி கடைக்குள் வந்தது அந்த வாரத்தில்தான். மயிலாப்பூர் தெற்கு மாட வீதிப் பக்கம் வீடு. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்துத்தான் வாங்குவார். அரக்குக்கு அரக்கு தேடி வந்தவர், மூலையைப் பார்த்ததும் அங்கே போய்விட்டார்.

“ஏண்டிம்மா, இது மசக்கைக் கறுப்புக்கு ஆகுமே?”

எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. மயிலாப்பூரின் பழைய குடும்பங்கள் பலவற்றில் வளைகாப்பன்று கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கறுப்புப் புடவைதான் கட்டுவார்கள். கண் படக்கூடாது என்பதற்காக. மற்ற நாளெல்லாம் கறுப்பைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள், அந்த ஒரு நாளுக்காகக் கறுப்பைத் தேடி தி.நகர் முழுக்க அலைவார்கள். மற்ற கடைகளில் அசல் கறுப்பு என்று ஒன்றும் கிடைப்பதில்லையாம்.

“என் தங்கை பொண்ணுக்கு வளைகாப்பு. பட்டு இருக்கு, ஆனா இந்த வெயில்ல ஏழு மாசத்துப் பொண்ணு பட்டைக் கட்டிண்டு உட்கார முடியுமோ? இது மெத்துனு இருக்கு. சாயம் ஒட்டிக்காதே?”

எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. கடுக்காய், மாதுளைத் தோல், ரசாயனம் இல்லாமை, ஆற்றில் கலக்கிற சாயக் கழிவு என்று எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன்.

“அதெல்லாம் எனக்கு எதுக்கு? ஒட்டுமா, ஒட்டாதா?”

“ஒட்டாது மாமி.”

“அதைச் சொல்லேன்.”

மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்குத் தெரிந்தால் மாட வீதி நாலுக்கும் தெரிந்த மாதிரி. கபாலி கோவில் பிரகாரத்திலும் சபாவிலும் என் கறுப்புப் புடவையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நவராத்திரிக்கு முன்பே மூலை காலியானது. ஒருவரும் மாதுளைத் தோலைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருவரும் வீணாகிப்போன புடவை மறுபிறவி எடுத்ததைப் பற்றிக் கேட்கவில்லை. நான் கையால் எழுதி, ‘இயற்கைச் சாயம், ரேவதி’ என்று ஒவ்வொரு புடவையிலும் ஒரு சீட்டு கட்டியிருந்தேன். அதை வீட்டுக்குப் போனதும் முதலில் பிய்த்துப் போட்டிருப்பார்கள். போகட்டும், அறை என்னுடையதாக இருந்தது.

4. நல்ல தண்ணீர்

சந்தோஷத்தில் கவுஸ் பாய் செய்த முதல் காரியம், கட்டிடத்துக்குப் புது போர் போட்டது. “பாவம், நீ அந்தக் கெட்ட தண்ணியில கஷ்டப்பட்டுகினு கீறே,” என்றார். ஆழமாக, வேறு மூலையில், நல்ல ஊற்றுப் பார்த்துப் போட்டார். பழைய போரைச் சிமெண்ட் போட்டு மூடிவிட்டார். தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. தெருவே வந்து குடித்துப் பார்த்துவிட்டுப் போனது.

நான் புதிதாக வாங்கிய மல் புடவைகளை அண்டாவில் இறக்கினேன். மஞ்சள் வந்தது. நவராத்திரிக்கு முன்னால் நான் வேண்டாத தெய்வம் இல்லை என்று வேண்டிக் கேட்டேனே, அதே மஞ்சள். மாஸ்டர் மகிழ்ந்துபோனார். “ஆசப்பட்ட கலர் வந்துட்ச்சே, இன்னும் இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிகினு கீறே?” என்று கேட்டார். கேட்பவர்கள் எல்லாம் கறுப்பு கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்கு எப்படிப் புரியும்?

துருப்பிடித்த ஆணியைப் போட்டால் கறுக்காதா என்று கேட்பீர்கள். போட்டேன். வெல்லத்தோடு ஊறப் போட்டுப் பக்குவமாகக் காத்திருக்க வேண்டிய சமாசாரம் அது. அவசரப்பட்டதில் துணியில் திட்டுத் திட்டாகப் பிடித்தது. இரும்பு அதிகமான இடத்தை லேசாக இழுத்தால் அப்பளம் மாதிரி பிரிந்தது. வெல்லம் புளித்த நாற்றத்தில் பக்கத்துக் கடைக்காரர் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று ஆள் கூப்பிட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ராஜம் மாமி மறுபடி வந்தார். இந்தத் தடவை அவருடைய மருமகள் ஹேமாவுக்கே வளைகாப்பு. முந்தானையில் ‘பின் டக்’, அதாவது ஊசி அகலத்துக்கு மடித்துத் தைக்கிற வரிகள், வைத்து விசேஷமாகச் செய்து தரச் சொன்னார். வருகிற வியாழக்கிழமை மருமகளையே அழைத்துக்கொண்டு வந்து வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

கவுஸ் பாய் காத்திருக்கிற ஆள் இல்லை. வண்ணாரப்பேட்டைப் பக்கம் யாரிடமோ கொடுத்து, ஒரு கட்டு மல் புடவைக்கு ரசாயனக் கறுப்புப் போட்டு வாங்கி வந்துவிட்டார். பளபளவென்று இருந்தது. என் மேஜையில் வைத்து, “உன் சீட்டை இதுல கட்டிடும்மா,” என்றார்.

“இது என் சாயம் இல்ல பாய்.”

“கறுப்பு கறுப்புதானே? பார்க்கிறவங்களுக்குத் தெரியவா போவுது?”

“மாசமா இருக்கிற பொண்ணுங்க கட்டுறது பாய். ஒட்டாதுன்னு என் வாயால சொல்லியிருக்கேன். என் பேரு இருக்கு அதுல.”

பாய் அந்தக் கட்டை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். “சரி. வியாழக்கிழமைக்குள்ள உன் கறுப்பு வந்தா மாமிக்கு உன்னுதைக் காட்டு. வரலேன்னா இதுல சீட்டைக் கட்டு. ரெண்டும் முடியாதுன்னா கவுண்டருக்கு வந்துடு. கடை நடத்தணுமா வேணாமா நான்?”

கேட்டதில் தப்பில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

5. தேடல்

சென்னையில் நல்ல தண்ணீர் தேடி அலைந்தவர்கள் லட்சம் பேர். கெட்ட தண்ணீர் தேடி அலைந்தது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். கடுக்காய் நீரை ஒரு சின்ன பாட்டிலில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் விட்டால் போதும். கறுத்தால் என் தண்ணீர்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று. இந்த ஊரில் எந்த வீட்டுக்காரரும் தன் வீட்டுத் தண்ணீர் கெட்டது என்று ஒத்துக்கொள்ள மாட்டார். தி.நகரிலேயே கதவு கதவாகத் தட்டி வெறுங்கையோடு திரும்பினேன். மந்தைவெளியில், குழாயடிச் சுவர் முழுக்கக் காவி படிந்திருந்த வீட்டில், “எங்க தண்ணி இளநீர்ம்மா,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். ஆழ்வார்பேட்டையில் ஓர் அம்மா, “யார் சொன்னா? அந்த மாடிப் போர்ஷன்காரிதானே சொன்னா?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அந்த மாடிப் போர்ஷன்காரியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. வாடகை குறைந்துவிடும் என்ற பயம் எல்லாருக்கும். நான் கார்ப்பரேஷன் ஆள் என்று ஒருவர் நினைத்தார். ஃபில்டர் விற்க வந்தவள் என்று பலர் நினைத்தார்கள்.

புதன்கிழமை காலை அடையாறில் ஒரு தெருவில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தார். “டீ போட்டா மை மாதிரி இருக்கு சார். இதைக் குடிச்சுட்டு எப்படி வேலைக்குப் போறது?” என் காதில் தேன் பாய்ந்தது.

கீழே வாசலில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். ஓய்வு பெற்ற எஞ்சினியர். என்னைப் பார்த்ததும் சாட்சிக்கு ஆள் கிடைத்ததுபோல, “நீங்களே சொல்லுங்கம்மா, இது மினரல் வாட்டர். இவங்களுக்குத் தெரியல,” என்றார்.

“ஆமா சார். அந்த மினரல்தான் எனக்கு வேணும்,” என்றேன்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். தி.நகரிலிருந்து வருகிறேன், துணிச் சாயத்துக்கு இந்த மாதிரி விசேஷமான தண்ணீர் அபூர்வம் என்று சொன்னேன். பொய் ஒன்றும் இல்லையே. டம்ளரில் பிடித்துக் கடுக்காய் நீரை விட்டேன். கண்ணெதிரே மையாகக் கறுத்தது. நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

“எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு. மாடியில இருக்கிறவங்க கேக்கிற மாதிரி நீங்க ஒருதடவை சொல்லிடணும்.”

வேறு வழியில்லை. நடுத்தெருவில் நின்று அண்ணாந்து, “இந்தத் தண்ணிக்காக தி.நகர்லேர்ந்து வந்திருக்கேங்க. ரொம்ப நல்ல தண்ணிங்க,” என்று கத்தினேன். மாடிப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவரிடம் இப்போதும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பிளாஸ்டிக் கேன்களை ஏற்றியபோது ஆட்டோக்காரர் முகர்ந்து பார்த்தார். “ஊரே தண்ணி லாரி பின்னால ஓடிகினு கீது. நீ இன்னாடான்னா இந்தச் சாக்கடையை மீட்டர் போட்டுத் தூக்கினு போறே,” என்றார். அன்று மதியமே அண்டாவில் இறக்கினேன். முக்கி, ஆறவிட்டு, மறுபடி முக்கினேன். என் கறுப்பு வந்தது. வியாழக்கிழமை காலையில் பின் டக் வைத்து, முந்தானையைச் சரிசெய்து, சீட்டைக் கட்டினேன். இஸ்திரிக்கு நானே நின்று கொடுத்து வாங்கினேன்.

6. வியாழக்கிழமை

பாய் பாரபட்சம் காட்டவில்லை. ரசாயனக் கறுப்பை ஒன்று, என் கறுப்பை ஒன்று, இரண்டையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். அவருடையதில் சீட்டு இல்லை.

ராஜம் மாமி இரண்டையும் வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பார்த்தார். ஹேமா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஏழாம் மாதம் ஆகியும் அவளுக்கு மசக்கை விட்டபாடில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி, எதிலும் பட்டுக்கொள்ளாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது நன்னா கருகருன்னு இருக்கு பாய்,” என்றார் மாமி. அவர் கையில் இருந்தது ரசாயனக் கறுப்பு.

நான் பேசினேன். இயற்கை என்றேன். உடம்புக்கு நல்லது என்றேன். அந்தக் கறுப்பு ரெண்டு சலவையில் வெளுக்கும் என்றேன். தண்ணீருக்காக நான் எங்கெல்லாம் அலைந்தேன் என்றுகூடச் சொன்னேன். மாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நீ சொல்றது வாஸ்தவம்தாண்டிம்மா. ஆனா கட்டிக்கப்போறது ஒரு நாள். அன்னிக்குக் கறுப்பாத் தெரியணுமோல்லியோ?” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பளபளப்பை ஹேமாவின் தோளில் போட்டு, அழகு பார்க்கப் பின்னால் நகர்ந்தார். பாய் என் பக்கம் திரும்பவில்லை. என் அறை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஹேமா ஒருமுறை மூச்சை இழுத்தாள். முகம் வெளுத்தது. கைக்குட்டையை எறிந்துவிட்டு எழுந்து வாஷ்பேசினைத் தேடி ஓடினாள். கல்லாவரைதான் போக முடிந்தது.

பாவம், அந்தப் பெண் கூசிப்போய் அழுதாள். மாஸ்டர் தண்ணீரோடு ஓடி வந்தார். பாய் நாற்காலியைத் தூக்கிப் போட்டு, “பரவால்லம்மா, உக்காரு, எங்க வீட்லயும் பொண்ணுங்க கீது,” என்று விசிறினார். மாமி அந்தப் புடவையை மூக்கருகே கொண்டுபோனார். “மண்ணெண்ணெய் மாதிரின்னா வீசறது. எனக்கு இத்தனை நேரம் தெரியவே இல்லையே,” என்றார்.

பிறகு, யாரும் சொல்லாமல், ஹேமாவே கையை நீட்டி என் புடவையின் முந்தானையை இழுத்தாள். பயந்து பயந்து முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

“இது ஒண்ணும் பண்ணலைம்மா. டீத்தூள் மாதிரி இருக்கு. இதையே எடுத்துக்கலாம்மா,” என்றாள் மாமியாரிடம். போகும்போதும் அதை அட்டைப்பெட்டியில் வைக்க விடவில்லை. ஆட்டோவில் மூக்கில் வைத்தபடியே மயிலாப்பூர் போனாள்.

ரசாயனக் கறுப்பு மறுநாளே வண்ணாரப்பேட்டைக்குத் திரும்பியது. அடையாறு வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவரப் பாயே ஒரு மூன்று சக்கர டெம்போ ஏற்பாடு செய்தார். அந்த வியாழக்கிழமையே, கல்லாவைக் கழுவி முடித்தபின் என்னைக் கூப்பிட்டு, ரொம்ப யோசித்த முகத்தோடு சொன்னார்: “ரேவதி, உன் சீட்டுல இயற்கை கியற்கைன்னு யாருக்கும் புரியாம எழுதியிருக்கியே, அதை எடுத்துடு. ‘வாந்தி வராது’ன்னு எழுது.”

நான் எழுதவில்லை. அவர் அன்றிலிருந்து வருகிறவர்களிடம் எல்லாம் வாயாலேயே சொல்ல ஆரம்பித்தார். என் பேச்சைவிட அது நன்றாக வேலை செய்தது.

கடைசியில் பாடம் என்று ஒன்று எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். உங்கள் துணி நல்ல துணி என்று நீங்கள் பேசிக்கொண்டே இருக்காதீர்கள். அதைக் கட்டிக்கொள்ளப் போகிறவரின் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். என்னால் அதை லேசாகக் கற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த அறையில் நான் பல வருஷம் வேலை செய்தேன். அது என் கையில் நின்றதற்குக் காரணம் என் படிப்போ, என் பிடிவாதமோ, நான் பேசிய நியாயமோ இல்லை. ஒரு கர்ப்பிணிப் பெண் நாலு பேர் நடுவில் கூனிக்குறுகி வாந்தி எடுக்க வேண்டியிருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.